ஒன்பதாம் தட்டு

றோசம்மாவின் புருஷன் அல்பிரட் மன்னார்க் கரையோரத்துச் சாராய ஆலையில் வேலை செய்தவன். போர்க்காலத்து இராணுவச் சுற்றிவளைப்பொன்றில் காணாமல் போனான். அவள் தமிழ்நாட்டு முகாமில் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது அதே ஆலையில் வேலை கிடைத்தது. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்ன அரசாங்கக் கந்தோர்க்காரரிடம், ஆளைக் காட்டாமல் சாவைக் காட்ட வேண்டாமென்று முகத்திலடித்தாற் போலச் சொல்லிவிட்டாள். வாய்க்காரிதான்.

ஆலையின் நடுவே செம்புக் கோபுரம். உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள். கீழிருந்து ஏறும் சாராய ஆவி, தட்டுகளில் கவிழ்த்த தொப்பிகளுக்கடியால் குமிழியிட்டு, தட்டுக்குத் தட்டு காரம் கூடிப் போகும். குறையில்லாத தட்டு எவ்வளவு காரம் ஏற்ற வேண்டும், இது எவ்வளவு ஏற்றுகிறது என்று ஒவ்வொன்றின் திறனையும் மதிப்பிடப் பொறியியலாளன் தனஞ்சயன் வந்திருந்தான். தட்டுக் குழாய்களில் மாதிரி பிடித்து, சாராயமானியை மிதக்கவிட்டுக் காரத்தைச் சொல்வது றோசம்மாவின் வேலை.

ஒன்பதாம் தட்டில் காரம் ஏறவேயில்லை. குழாயைத் திறந்தால், பட்டப்பகலில், உள்ளே யாரோ மூச்சு விடும் சத்தம்.

ஆள் நுழையும் மூடி அந்தத் தட்டருகேதான் இருந்தது. போரால் ஆலை மூடிக்கிடந்த நாட்களில், சுற்றிவளைப்பென்றால் அல்பிரட் அதற்குள் முடங்குவான். கூட்டாளி வெளியே நட்டு முடுக்கிவிட்டு, பிறகு வந்து திறப்பான். கடைசித் தடவை கூட்டாளி சூடுபட்டுச் செத்தான். ஒளிப்பிடம், அப்போது தமிழ்நாட்டு முகாமிலிருந்த தன்னைத் தவிர எவருக்கும் தெரியாதென்றே றோசம்மா நினைத்திருந்தாள். ஆலையைத் திரும்பத் தொடக்கிய புண்ணியவான்கள் மூடியைத் திறக்காமலே நீராவி விட்டுக் கழுவினார்கள். அந்தச் சாராயத்தை ஊரே குடித்தது.

றோசம்மா பொய் சொன்னாள். ஒன்பதுக்கும் காரம் கூட்டிச் சொன்னாள். எங்கே என் மனுசன் என்று ஊரெல்லாம் கேட்டவள், அந்த மூடி திறபடக் கூடாதென்று அந்தோனியாரை மன்றாடினாள். உள்ளே எலும்பு கிடந்துவிடுமோ என்ற பயம் அவளைத் தின்றது. ஆனால் ஒன்றைக் கூட்டினால் மேலேயுள்ள எல்லாவற்றையும் கூட்ட வேண்டியிருந்தது. உச்சியில் இறங்கிய சாராயத்தில் அவள் சொன்ன காரம் இல்லை. ஏதோ ஒரு தட்டு வேலை செய்யவில்லை என்று தனஞ்சயன் கண்டுபிடித்துவிட்டான்.

“எந்தத் தட்டு அக்கா? உண்மையைச் சொல்லுங்கோ.”

றோசம்மா மானியைக் கீழே வைத்தாள்.

“ஒன்பது. திறவுங்கோ தம்பி.” ஏனென்பதையும் சொன்னாள்.

கறள் பிடித்த நட்டுகளை அறுத்துத் திறந்தார்கள். எலும்பு இல்லை. தொப்பிகள் கழற்றி ஓரமாக அடுக்கியிருந்தன. நடுவில் ஓர் ஆள் முடங்கும் அளவுக்கு வெற்றிடம். ஆவி அதனூடாகச் சும்மா ஏறிப் போயிருக்கிறது. தனஞ்சயனுக்கு உயிர் வந்தது. நல்ல காலம், எப்படியோ தப்பிப் போயிருக்கிறார் என்றான்.

றோசம்மா மூடியின் வெளிப்புறத்தில் அறுபட்ட நட்டொன்றைக் கையில் எடுத்தாள்.

“உள்ளுக்குள்ள இருந்து இதைத் திறக்கேலாது, தம்பி. ஆரோ திறந்து, அவரைக் கொண்டு போய், திருப்பி முடுக்கியும் விட்டிருக்கினம். அவையளுக்குத் தெரியும், அவர் எங்கையெண்டு.”