நூல் கடித்த வாய்

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன். இரண்டு தடவை கொப்பியை எடுத்தேன், இரண்டு தடவையும் அதில் யாருடையதோ சட்டை அளவை எழுதிவிட்டு மூடி வைத்தேன். பத்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், பள்ளிக்கூடமும் சந்தோசமாக என்னை விட்டது. எழுத்து என்றால் எனக்கு இடுப்பு, இறக்கம், கைநீளம், அவ்வளவுதான். ஆனால் போன கிழமை மெசினுக்குப் பொபின் வாங்க வேறொரு தையல் கடைக்குப் போனபோது, அங்கே மெசினில் இருந்த நான்கு பேரும் பல்லால் நூல் கடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நான்கு பேருக்காகத்தான் இது.

1. உம்மா தந்த கத்திரிக்கோல்

கல்முனை பஜாரில் ஒரு தையல் கடையில் ஒன்பது வருசமாக வேலை செய்கிறேன். கடைக்காரர் நவாஸ், எங்களுக்கு அண்ணன் முறையில் நவாஸ் காக்கா, வெட்டுவார், நாங்கள் நான்கு பேர் தைப்போம். இரண்டாவது மெசின் என்னுடையது. மூன்றாவது அஸ்மியுடையது. இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

அஸ்மி ஒழுங்கான ஆள். தையல் முடிந்தால் மெசினை நிறுத்துவான், கத்திரிக்கோலை எடுப்பான், நூலை வெட்டுவான், எடுத்த இடத்திலேயே வைப்பான். நான் அப்படி இல்லை. கீழ்த் தாடையைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி, முன்பல்லால் ஒரு கடி. அவன் கத்திரிக்கோலைத் தேடும் நேரத்தில் நான் சட்டையின் மற்றக் கையைப் பூட்டத் தொடங்கிவிடுவேன். ஒரு சட்டையில் கொலர், பொக்கட், கை, காஜா என்று எத்தனை நூல் நுனி இருக்கிறதென்று தைப்பவர்களுக்குத் தெரியும்.

"கத்திரிக்கோல் என்னத்துக்குடா வாங்கி வெச்சிரிக்கன், அழகு பாக்கவா?" என்பார் நவாஸ் காக்கா.

"எண்ட கத்திரிக்கோல் உம்மா தந்தது காக்கா. தீட்டவும் தேவல்ல, துருவும் பிடிக்கா," என்று பல்லைக் காட்டுவேன்.

நோன்பு காலத்தில் இது இன்னும் பெரிய பகிடி. "நோம்போட நூலத் திங்கிறான் இவன்," என்று அவர் சொல்ல, அஸ்மி தலையை நிமிர்த்தாமலே, "நூலோட உட்டா நல்லம் காக்கா, துணிய எண்ணி வைங்க," என்பான்.

வாய் ஓயாமல் கதைப்பதால் எனக்குக் கடையில் ரேடியோ என்று பெயர். வாடிக்கையாளர், பக்கத்துக் கடைக்காரர், அளவெடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிற ஹாஜியார்கள், யாரையும் விடமாட்டேன்.

2. டொக்

ஒரு நோன்புப் பெருநாளுக்கு முந்திய கிழமை. ஜுப்பாக்கள் குவிந்து கிடந்தன. கொட்டாவி விட்டேன், இடது காதுக்கு முன்னால் "டொக்" என்றது. கொடுப்பில் கையை வைத்துப் பார்த்தால், வாய் திறக்கும்போது அந்த இடத்தில் தாடை எலும்பு துள்ளியது.

இங்கேதான் நான் முதல் பிழை விட்டேன். அதை எல்லோருக்கும் கேட்கவைத்தேன். "காக்கா, காத வைங்க, எண்ட கொடுப்புக்குள்ள ஒரு கதவிரிக்கி," என்று சொல்லித் திறந்து மூடிக் காட்டினேன். கடையே சிரித்தது. இரண்டு மாதம் இதே விளையாட்டு.

மூன்றாவது மாதம் அந்த இடம் நோகத் தொடங்கியது. காது, நெற்றி, கழுத்து வரைக்கும் இழுத்தது. காலையில் எழும்பினால் வாய்க்குள் இரண்டு விரல்தான் போகும். ஒரு நாள் தாங்க முடியாமல், "எண்ட கொடுப்பு நோகுது," என்று மெய்யாகவே சொன்னேன். நவாஸ் காக்கா சிரித்துவிட்டு, "கதவுக்கு எண்ணெய் போடு," என்றார். அவரில் குற்றம் இல்லை. நான் தந்த பகிடியைத்தான் அவர் திருப்பித் தந்தார். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

கடைவாய்ப் பல்தான் காரணம் என்று எனக்கு நானே முடிவெடுத்தேன். பல் டொக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, "பல்லுல பழுது இல்ல," என்று அனுப்பினார். விடுவேனா? இன்னொரு ஊரில் இன்னொருவரிடம் போய், சூடு பட்டால் கூசுது, குளிர் பட்டால் கூசுது, நித்திரை இல்லை என்று பொய்க்கு மேல் பொய் அடுக்கி, நல்ல பல்லொன்றைப் பிடுங்குவித்துக்கொண்டு வந்தேன். பல் போனது, நோவு அங்கேயே இருந்தது.

3. ஆறு பேர்

பத்து மணித் தேநீருக்கு எல்லோரும் மீன் வைத்த மாலு பணிஸ் சாப்பிடுவார்கள். நான் பிஸ்கட்டைப் பிளேன்ரீயில் ஊறவைத்தேன். பிறகு அதையும் கடைக்கு வெளியே நின்று தனியாகக் குடித்தேன். கதைத்தால் நோகும் என்பதால் கதையும் குறைந்தது. "ரேடியோவுக்கு பெட்டரி இறங்கிட்டு," என்றார்கள். பிறகு அதையும் சொல்லாமல் விட்டார்கள். ஒருவன் பேசாமல் இருப்பது எவ்வளவு கெதியாகப் பழகிப்போகிறது என்று அப்போதுதான் பார்த்தேன்.

எங்கள் பக்கத்துக் கலியாணத்தில் சஹன் வைப்பார்கள். ஒரு பெரிய தட்டில் சோறு, அதைச் சுற்றி ஆறு பேர் குந்தி ஒன்றாகச் சாப்பிடுவது. ஆறு பேரும் முடிக்கும்வரை யாரும் எழும்புவது மரியாதை இல்லை. இறக்காமம் ஊரில் ஒரு சொந்தக்காரர் கலியாணத்தில் நான் ஆறாவது ஆள். ஐந்து பேரும் முடித்துவிட்டார்கள். நான் ஒரு துண்டு இறைச்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து கைகள் தட்டின் ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்தன.

"தம்பிக்கு நம்மட சோறு பிடிக்கல்ல போல," என்றார் முன்னால் இருந்த பெரியவர்.

வழக்கமாக என்றால் அவருக்கு நான் நல்ல பதில் ஒன்று வைத்திருப்பேன். அன்று இறைச்சியை அப்படியே விழுங்கினேன். அதோடு சஹனுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

அடுத்த மாதம் அஸ்மிக்குக் கலியாணம் வந்தது. பெண்ணுக்குப் பொத்துவில் ஊர். அவன் என் மெசினில் கையை வைத்துச் சொன்னான்: "மாப்பிள்ளச் சஹன்ல எனக்குப் பக்கத்தில நீதான் குந்தணும். வேற ஒருத்தனையும் உடமாட்டன்."

"ஓம்டா," என்றேன்.

மாப்பிள்ளைச் சஹனை வீடியோ எடுப்பார்கள், பெண் வீட்டார் சுற்றி நிற்பார்கள். அவ்வளவு பேருக்கும் நடுவில் ஆட்டுக் கறியோடு நான் பாடுபடுவதும், மாப்பிள்ளை எனக்காகக் கையைக் காயவைப்பதும் கண்ணுக்குள் வந்து நின்றது. கலியாண வான் வண்டி புறப்படும் நேரம், "காய்ச்சல்," என்று ஒரு மெசேஜ் போட்டேன். எல்லோரும் போன பிறகு கடையைத் திறந்து உட்கார்ந்து தைத்தேன். வாடிக்கையாளர் ஒருவர் கண்டுவிட்டார். அந்தக் கதை அன்றைக்கே பொத்துவிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அஸ்மி ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியிருக்கப் போனான். அறுகம்பேயில் வெள்ளைக்காரருக்குப் பையும் கட்டைக் காற்சட்டையும் தைக்கிறான் என்று கேள்வி. மூன்றாவது மெசினை மூடிப் போட்டோம். அதன் மேல் நான் வெட்டுத் துணி வைப்பேன்.

4. கோடு

கடைசியில் வாய் ஒரு விரலுக்கு வந்தபோதுதான் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பல் கிளினிக்கில் ஒரு டொக்டர் அம்மா. பாண்டிருப்புப் பக்கத்து ஆள்.

"திறங்க தம்பி. இவ்வளவுதானா?"

"கட இண்டைக்கு அரை நாள்தான் மிஸ்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. டோர்ச்சை அடித்து என் முன்பல்லைப் பார்த்தார். "நீங்க தையல் வேலையா?"

"எப்படி மிஸ் தெரியும்?"

கண்ணாடியைத் தந்தார். மேல் முன்பல் நுனியில் கோடு போலச் சின்னதாக ஒரு வெட்டு, நூல் போகிற அளவுக்கு. இத்தனை வருசம் அந்தப் பல்லைத் தீட்டியிருக்கிறேன், நான்தான் பார்க்கவில்லை. கடிக்கும்போதெல்லாம் தாடையைத் தள்ளித் தள்ளி மூட்டைப் பழுதாக்கியிருக்கிறேன். அவசர வேலை என்றால் பல்லை நெருமிக்கொண்டு தைப்பதும் சேர்ந்திருக்கிறது.

"எவ்வளவு காலமா நோகுது?"

"ஒரு வருசத்துக்கு மேல."

"வீட்டில, கடையில, ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியா மிஸ்."

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நோவால் என்று நினைத்திருப்பார், நானும் திருத்தவில்லை.

பெரிய எக்ஸ்ரே எடுத்தார்கள். என் பல்லுக்கு அச்செடுத்து, படுக்கும்போது போட ஒரு பிளேட் செய்து தந்தார்கள். சுடுநீர் ஒத்தடம், மெதுவான சாப்பாடு, நாக்கை அண்ணத்தில் வைத்து மெல்ல மெல்ல வாய் திறக்கும் பயிற்சி. உதடு மூடியிருக்கலாம், பல் பல்லோடு முட்டக்கூடாது. ஒரு நாளில் மாறவில்லை. ஏழு மாதத்தில் வாய்க்குள் மூன்று விரல் போகத் தொடங்கியது. "டொக்" இன்னும் இருக்கிறது. நோவு இல்லாவிட்டால் அது இருக்கட்டும் என்றார் டொக்டர்.

மெசினில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கத்திரிக்கோலை ஒரு நாடாவில் கட்டிக் கழுத்தில் போடுங்கள். காதுக்கு முன்னால் நொந்தால் நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்லி யாரிடமும் கெஞ்சாதீர்கள். பகிடிக்காரன் என்றால், நோவை ஒரு ஆளிடமாவது பகிடி இல்லாமல் சொல்லுங்கள். அந்த ஆள் சிரித்தால் இரண்டாம் தடவையும் சொல்லுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

போன வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு அஸ்மிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். கொடுப்பு, பல், இறக்காமத்துச் சஹன், காய்ச்சல் என்று சொன்ன பொய். ஒரு பகிடியும் சேர்க்கவில்லை. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு வரி வந்தது:

"உனக்கு நான் என்ன பிழ செஞ்சன் எண்டு இவ்வளவு நாளும் யோசிச்சிட்டு இருந்தன்டா."