சத்திரத்தில் ஒரு மத்தியானச் சாப்பாடு

இங்கிலாந்திலிருந்து அண்ணர் வந்த அன்றே வீட்டில் காற்று மாறிவிட்டது. அவர் இருப்பது சந்தை கூடும் ஒரு சின்ன ஊர். அங்கே குதிரை வண்டிக் காலத்துச் சத்திரம் ஒன்று இருக்கிறதாம். வளைவு வாசல், கணப்பு அடுப்பு, ஞாயிறு மத்தியான இறைச்சி என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் இந்த ரண்டர்ஸில் பார்க்க என்ன இருக்கிறது என்று என் கணவரிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சிரித்தார்.

அவருடைய வாயை மூடத்தான் நான் ஊருக்கு வெளியே இருக்கும் பழைய குரோவில், அதாவது டேனிஷ் சத்திரத்தில், மேசை பதிந்தேன். அங்கேயும் ஒரு காலத்தில் தபால் வண்டிகள் நின்று குதிரை மாற்றியிருக்கின்றன. வைக்கோல் கூரை, குனிந்து போக வேண்டிய கதவு.

பரிமாறும் பெண் எங்களைக் கண்டதும் சிரிக்கவில்லை. சமையலறைக் கதவோடு ஒட்டிய மேசையைக் காட்டினாள். யன்னலோர மேசைகள் வெறுமையாகக் கிடந்தன. அதில் ஒன்றைத் தர முடியுமா என்று டேனிஷில் கேட்டேன். எல்லாம் பதிவாகிவிட்டன என்று என் முகத்தைப் பாராமலே சொன்னாள். நாங்கள் இருந்தவரை அவற்றுக்கு ஒருவரும் வரவில்லை.

அண்ணர் அதைப் பிடித்துக்கொண்டார். இங்கிலாந்தில் தன்னை இப்படி ஒருவரும் இருத்த மாட்டார்களாம். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "இவ்வளவு காலமா இஞ்சை இருக்கிறாய். ஒரு கதிரை கேட்டு வாங்கத் தெரியேல்லை."

கணவர் மெனுவை எடுத்து விரித்தார். காற்றாலை இறக்கைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். வாரம் முழுக்கக் களைத்து வந்து, எனக்காகச் சட்டை மாற்றிக்கொண்டு கார் ஓட்டி வந்திருந்தார். அந்தப் பெண்மேல் எனக்கிருந்த கோபம் அண்ணர்மேல் இரண்டு மடங்காக ஏறியது. மேசை விஷயத்தில் அவர் சொன்னது சரி என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பொரித்த பன்றியிறைச்சியும் வெள்ளைச் சோஸும் வந்தன. கணவர் விரும்பிச் சாப்பிட்டார். அண்ணர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா இருந்திருந்தா இந்தக் கலியாணம் நடந்திராது," என்றார். குரலை உயர்த்தவில்லை. உருளைக்கிழங்கில் உப்புக் குறைவு என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

கணவர் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

"அண்ணை, நீங்கள் இண்டைக்கே வெளிக்கிடுங்கோ," என்றேன்.

அவர் பகிடி என்று நினைத்தார். "வியாழக்கிழமைதானே எனக்குப் பிளைட்?"

"அதுவரைக்கும் ஹோட்டல்லை நில்லுங்கோ. என்ரை வீட்டிலை வேண்டாம்."

அம்மாவுக்கு என்ன பதில் சொல்வாய் என்று கேட்டார். கேட்டால் உள்ளதைச் சொல்வேன் என்றேன். அவர் மேலங்கியை எடுத்துக்கொண்டு எழுந்தார். பில் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். கணவர் காருக்குப் பக்கத்தில் குளிரில் நின்றார். விஷயத்தைச் சொன்னபோது, வேண்டாம், நாலு நாள்தானே என்றார். நான் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போய் அண்ணருடைய உடுப்புகளை நானே பெட்டியில் அடுக்கினேன். கணவர் அதைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை வந்தார். பிளைட் ஏறும் நகரத்துக்குப் போக, வடக்கே ஒல்போர்க்கிலிருந்து வந்த ரயிலில் அண்ணர் ஏறினார். பெட்டியை வாங்கும்போது அவர் கணவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. ரயில் நகர்ந்தது. நான் கை காட்டவில்லை.

அதற்குப் பிறகு அவர் எனக்குப் போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.