சிலுவைப்பாதை நின்ற முகூர்த்தம்

போன வெள்ளிக்கிழமை, தாலிக்கொடியின் கொளுக்கி கழன்றுவிட்டதென்று செட்டியார்தெரு நகைக்கடைக்குப் போனேன். பற்றவைத்துத் தர ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்தவள், அந்த நேரத்தைக் கடை வாசலிலா கழிப்பேன்? ஒரு த்ரீவீலரைப் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போய், பழைய கோயிலுக்குள் நுழைந்தேன். கோயில் என்றால் வேதக் கோயில், கத்தோலிக்கருடையது. அதே மெழுகுதிரி மணம். மாதாவும் புனிதர்களுமாகச் சுரூபங்களெல்லாம் ஊதாத் துணியால் மூடிக் கிடந்தன. கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன் வாங்கிலில் இருந்த பெண் திரும்பி முறைத்தார். அவரில் பிழையில்லை. தவக்காலத்தில் கோயிலுக்குள் நின்று சிரிக்கிற பொட்டுக்காரியை வேறு எப்படித்தான் பார்ப்பது?

கலியாணத்துக்கு முன் நான் ஒருகொடவத்தையில் ஒரு கொண்டெய்னர் யார்ட்டில் கிளார்க். தங்கியிருந்தது இந்தக் கோயிலுக்குப் பின் ஒழுங்கையில், றெஜினா அன்ரி வீட்டு அறையில். கோயிலோடு ஒட்டியபடி ஒரு ஹோல் இருந்தது. காலையில் அங்கே மொன்டிசூரி, பின்னேரம் தையல் வகுப்பு, சனிக்கிழமையில் இலவச மருந்து. முகத்துவாரத்திலிருந்து பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார்கள். ஒழுங்கையில் யார் வீட்டில் சாவு நடந்தாலும், அது முஸ்லிம் வீடென்றாலும், ஹோல் கதிரைகள் அங்கே போய்விடும். யாரும் வந்து கேட்டதை நான் கண்டதில்லை. தையல் வகுப்புக்கு நானும் போனேன். நான் தைத்த முதல் சட்டைக்குள் தலை போகவில்லை. அது வேறு கதை.

என் கலியாணம் பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடப்பதாக இருந்தது. முதல்நாள் பின்னேரம் பெய்த மழையில் அந்த மண்டபத்துச் சீலிங் இடிந்து விழுந்தது. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து சொந்தக்காரரோடு வந்து இறங்கியாயிற்று. அலைந்து பார்த்தும் வேறு மண்டபம் கிடைக்கவில்லை. இந்த முகூர்த்தம் தவறினால் எங்கள் இரண்டு சாதகத்துக்கும் பொருந்துவது ஆவணியில்தான் என்று சாத்திரியார் முன்பே சொல்லியிருந்தார். மாப்பிள்ளையோ சித்திரையில் டுபாய்க்குப் போகிறவர். அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. நான் மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்தேன்.

"எங்கட ஹோல் இருக்குத்தானே, ஏன் அழுறீர்?" என்றார் றெஜினா அன்ரி. சொன்ன கையோடு என்னையும் அம்மாவையும் ஃபாதரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே அன்ரன் அண்ணை நின்றார். மணியடிப்பதிலிருந்து வாங்கில் துடைப்பதுவரை கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர். சட்டம் என்றால் சட்டம்.

"எங்கட பிள்ளையளுக்கே தவக்காலத்தில கலியாணம் இல்லை, ஃபாதர். இதில மேளம் வேறயோ?" என்றார்.

அதோடு, வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சிலுவைப்பாதை; சிலுவைக்குப் பின்னால் பதினான்கு தலங்களிலும் நின்று நின்று மன்றாடிப் போவார்கள். ஹோலுக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அம்மாவும் விடுவதாக இல்லை. எந்த இடமென்றாலும் சம்மதம், கெட்டிமேளம் இல்லாமல் மட்டும் தாலி ஏறாது என்றார். ஃபாதர் முகூர்த்த நேரத்தைக் கேட்டார். இரண்டும் ஒரே நேரம். கொஞ்சம் யோசித்துவிட்டு அன்ரன் அண்ணையைப் பார்த்துச் சொன்னார்:

"தவக்காலம் எங்களுக்குத்தானே, அன்ரன். அவையின்ர முகூர்த்தம் நிக்காது. எங்கட ஆண்டவர் கொஞ்சம் நிப்பார்."

அன்ரன் அண்ணை கோர்வையிலிருந்து ஹோல் திறப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

விடிவதற்குள் ஹோலில் மணவறை எழும்பிவிட்டது. தையல் வகுப்புப் பெண்கள் தோரணம் கட்டினார்கள். அம்மா நன்றி சொல்லவென்று கோயிலுக்குள் எட்டிப் பார்த்தவர், சுரூபங்கள் மூடியிருந்ததைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். பெரிய வெள்ளி நெருங்கும்போது அவற்றை மூடுவது வழக்கம் என்று எங்கள் அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

"எங்கட ஓமமும் மேளமும் நடக்கவேணும் எண்டு உங்கட சாமியளையே மூடி வைச்சிருக்கிறியள். பெரிய மனசு, ஃபாதர்," என்று கைகூப்பினார்.

கலியாண அலங்காரத்தோடு பின்னால் நின்ற எனக்கு மானம் போயிற்று. திருத்துவதற்கு அன்ரன் அண்ணை வாயெடுத்தார். ஃபாதர் அவருடைய தோளில் கையை வைத்து, "ஓம் அம்மா," என்று மட்டும் சொன்னார்.

தாலி கட்டும்போது மேளம் தகரக் கூரையில் மோதி இடிபோல முழங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததை றெஜினா அன்ரி பிறகுதான் சொன்னார். சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போன அன்ரன் அண்ணை, மேளம் கேட்டதும் மூன்றாம் தலத்தடியில் நின்றுவிட்டாராம். பின்னால் பிள்ளைகளும் ஃபாதரும் நின்றார்களாம். மேளம் ஓயும்வரை ஒருவரும் அசையவில்லையாம். நான் நேரில் கேட்டபோது அன்ரன் அண்ணை, "கால் நோவில நிண்டனான், பிள்ளை," என்றார். பந்தியில் தவசு என்று பாயசத்தைத் தொடவில்லை. சோறும் பருப்பும் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது ஹோல் இருந்த இடத்தில் மாடிக் கட்டடம். கீழே கிளினிக், மேலே கம்பியூட்டர் வகுப்பு. போன வெள்ளிக்கிழமையும் கிளினிக் வாசலில் கூட்டம் நிறைந்து நின்றது. இந்தக் கோயில் ஊரைக் கைவிடாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஃபாதரும் அன்ரன் அண்ணையும் இன்று இல்லை. அம்மாவும் இல்லை. எங்களுக்காகச் சாமியை மூடிய கதையை அவர் கடைசிவரை வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னார். நானும் திருத்தவில்லை. யோசித்துப் பார்த்தால், அவர் சொன்னதில் பெரிய பிழையும் இல்லை.

நான் கோயிலுக்குள் இருக்கும்போதே சிலுவைப்பாதை தொடங்கியது. நகை திருத்தக் கொடுத்த வெறுங்கழுத்தோடு நானும் ஓரமாக நடந்தேன். மூன்றாம் தலத்தில் மன்றாடி முடித்து, எல்லாரும் நான்காம் தலத்துக்குப் போனார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மேளச் சத்தம் இல்லை. நிற்பதற்கு அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. நான் மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.