கடலைத் தோலும் ஒரு டிக்கும்

கன்ட்ரோல் எலி செத்தால் அனிமல் ஹவுஸில் யாருக்கும் சோறு இறங்காது. மற்ற எலிகளுக்கு நோய் வரவைப்பதே வேலை. கன்ட்ரோல் எலி பிழைத்திருக்க வேண்டும். அன்று காலை கதவைத் திறந்தபோது கன்ட்ரோல் கூண்டில் இரண்டு விறைத்துக் கிடந்தன. மற்றவை முதுகைக் கூனிக்கொண்டு மூச்சு வாங்கின.

வேங்கிக்கால் தாண்டி ஒரு தனியார் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் எலி பார்க்கும் டெக்னீஷியன். அந்த எலிகள் நஸ்ரினுடையவை. உள்ளூர்ப் பெண், பிஎச்.டி. கடைசி வருடம். நல்ல உடம்புள்ள எலியின் மூக்கில் பூஞ்சையின் வித்தைச் சொட்டினால், வெள்ளையணுக்கள் நுரையீரலுக்கு ஓடிவந்து தின்று தீர்த்துவிடும். ஸ்டீராய்டு ஊசி போட்ட எலிக்கு அந்தத் தெம்பு இருக்காது, பூஞ்சை ஜெயித்துவிடும். இதைத்தான் அவர் அளந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு மட்டும் போட்டு, பூஞ்சை கொடுக்காமல் வைத்திருந்தவைதான் கன்ட்ரோல். அவை செத்தால் மூன்று வருட வேலையும் செல்லாது.

செத்த எலியை நஸ்ரின் அறுத்தார். நுரையீரலில் வெள்ளைப் புள்ளிகள். ஒரு துண்டைக் கண்ணாடித் தட்டில் வைத்து, அதிலிருந்த பூஞ்சையை வளர்த்தார். அவர் பயன்படுத்திய பூஞ்சை சாம்பல் கலந்த பச்சை. தட்டில் வந்ததோ மஞ்சள் பச்சை.

அவருடைய கைடு சார் தட்டைப் பார்த்ததும் கத்தினார். "வெளிய இருக்கற பூஞ்சைய நீதான் உள்ள எடுத்தாந்திருக்க. கை சுத்தம் கம்மி, அலட்சியம் ஜாஸ்தி. இனிமே இங்க கால் வெக்காத."

"இல்ல சார், கவுன் மாத்தாம நான் வந்ததே இல்ல" என்றார் நஸ்ரின்.

நான் பக்கத்தில் கூண்டு கழுவிக்கொண்டிருந்தேன். கீழ்பென்னாத்தூரில் கடலை மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவன். நனைந்த கடலையில் பூக்கும் அந்த மஞ்சள் பச்சையை எனக்குத் தெரியாதா?

எலிக்குப் படுக்கையாகக் கடலைத் தோல் போடுவோம். மில்லிலிருந்து வேனில் வரும். வந்ததும் ஆட்டோகிளேவில் நீராவி வைத்து அவித்த பிறகுதான் கூண்டுக்குள் போக வேண்டும். எலிகள் சாவதற்குச் சில நாள் முன், பௌர்ணமி அன்று, கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை அடைத்துவிட்டார்கள். வேன் சாயங்காலம்தான் வந்தது. ஒரு மூட்டை லேசாக ஈரம். அவிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பஸ்ஸையும் நிறுத்திவிடுவார்கள். ஒருநாள்தானே என்று அப்படியே கொட்டிவிட்டுக் கிளம்பினேன். ரெஜிஸ்டரில் 'அவித்தது' என்ற கட்டத்தில் டிக் மட்டும் இருந்தது. காலையில் டீ குடிக்கும்போதே அன்றைய கட்டங்களுக்கெல்லாம் டிக் போட்டு வைப்பது என் பழக்கம். எவ்வளவு கேவலமான பழக்கம் என்று அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

ஸ்டீராய்டு போடாத நல்ல எலிகள் அதே தோலில் புரண்டு பிழைத்துக்கொண்டன. தெம்பில்லாதவை செத்தன.

கான்ட்ராக்ட் வேலை, போய்விடுமே என்று இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அதற்குள், பூஞ்சை பரவக் கூடாதென்று மிச்சமிருந்த எலிகளையெல்லாம் கொல்லச் சொல்லிவிட்டார் சார். என் கையால்தான் கொன்றேன். மூன்றாம் நாள் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "இத அன்னிக்கே சொல்றதுக்கு என்னய்யா?" என்றார். என் வேலையும் போனது. நஸ்ரின் மேல் தப்பில்லை என்று ஆனது. ஆனால் புது எலி வாங்கிப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய நஸ்ரினுக்குக் காலம் மிச்சமில்லை.

அவர் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோது போய் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"மொதல்ல தோல் மேலதாண்ணா எனக்கு சந்தேகம் வந்துச்சு. ரெஜிஸ்டர எடுத்துப் பாத்தேன். உங்க டிக் இருந்துச்சு. ஏழுமலை அண்ணன் போட்டா சரியா இருக்கும்னு மூடி வெச்சிட்டேன். அப்புறம் என் கை மேலயே எனக்கு சந்தேகம் வந்துடுச்சு" என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். செய்யாமல் விட்டால் செய்யவில்லை என்று எழுதுங்கள். திட்டு உங்களோடு போகும். பொய் டிக்கை நம்பி எல்லாவற்றையும் இழக்கிறவர் வேறு யாரோ.