அம்மன் சொல்லாத வாக்கு

நம் அம்மனைக் கும்பிடும் பங்காளிகளுக்கும் மாமன் மச்சான்களுக்கும், அவளை நம்பி வரும் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். வருஷா வருஷம் கோயில் மலரில் யாராவது ஒருவர், அம்மன் தமக்குச் செய்ததை எழுதுகிறார்கள். இந்த வருஷம் என் முறை என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமானால், நான் அவள் பெயரில் செய்ததை முதலில் சொல்லியாக வேண்டும். படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் திட்டலாம். எனக்கு அது தகும்.

என் மகள் மித்ராவுக்கு ஐந்து மாதம் ஆகியும் கழுத்து நிற்கவில்லை. வாயைச் சுற்றியும் கன்னத்திலும் தடிப்பு வந்தது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பிறகு வலிப்பு வர ஆரம்பித்தது. கையும் காலும் வெடுக் வெடுக்கென்று இழுத்து, கண் மேலே சொருகிவிடும். அடங்கியதும் துணி மாதிரி தோளில் கிடப்பாள். அவளைத் தூக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவிநாசியில் எங்கள் வீடு. ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறையில் போன் அடித்தாலே மெஷினை நிறுத்திவிட்டு ஓடுவேன்.

கோயமுத்தூரில் குழந்தை நரம்பு டாக்டரிடம் போனோம். வலிப்புக்கு மருந்து எழுதிவிட்டு, "சொந்தத்துல கல்யாணமுங்களா?" என்று கேட்டார். என் மனைவி சுகன்யா என் மாமன் மகள். சொன்னேன்.

"ரத்தத்தோட வர்ற கோளாறா இருக்கலாமுங்க. ஒரு டெஸ்ட் இருக்குது. தள்ளிப்போடாதீங்க" என்றார்.

அது ஐப்பசி மாதம். என் தங்கை ரம்யாவுக்கு நிச்சயம் முடிந்து, தையில் கல்யாணம் வைத்திருந்தோம். அப்பா இல்லாத வீடு. அவள் கல்யாணம் என் பொறுப்பு. நம் பக்கம் பெண் எடுப்பவர்கள் எத்தனை பேரிடம் விசாரிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் குடும்பத்துக்கு ரத்தத்திலேயே கோளாறாம் என்று ஒரு வாய் சொன்னால் போதும், சம்பந்தம் போய்விடும். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசு கணக்குப் போட்டது. ஆனால் சுகன்யாவிடம் இதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"அம்மன்கிட்டப் பூப் போட்டுக் கேட்டுப்போட்டுப் போலாம் கண்ணு" என்றேன். அவள் உடனே சரி என்றாள். சரி என்பாள் என்று எனக்குத் தெரியும்.

கொடுமுடிப் பக்கம் இருக்கும் நம் கோயிலுக்குப் போனோம். பூக் கேட்கும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பூவை நான் மடிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு தூண் மறைவுக்குப் போனேன். இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியை வைத்து மடித்தேன். வெள்ளைப் பூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பூசாரி எடுக்கச் சொன்னபோது சுகன்யா, "மித்ரா கையாலயே எடுக்கட்டுமுங்க. அவளுக்குத்தானே கேக்கறோம்" என்றாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. குழந்தையின் கையைப் பிடித்துப் பொட்டலங்களுக்கு மேலே கொண்டுபோனாள். பிடிப்பில்லாத அந்தக் கை ஒரு பொட்டலத்தின் மேல் விழுந்தது. பிரித்தேன். சிவப்பு.

சுகன்யா அழுதாள். பிறகு பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அம்மாவே வேண்டாம்னு சொல்லிப்போட்டா. பொறுத்துக்கலாமுங்க மாமா" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

அதற்கப்புறம் வலிப்பு குறையவில்லை. சுகன்யா செவ்வாய்க்கிழமை தோறும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து சோறு தின்றேன். சாயங்காலம் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தால் மித்ராவின் கண் வாசல் பக்கம் போகும். மார்கழியில் ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் அடித்துப் பார்த்தேன். போகவில்லை. விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தானே என்று இருந்தேன். எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் அப்படித்தான் இருந்தேன்.

தையில் ரம்யாவின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மூன்றாம் நாளே சுகன்யாவிடம், "அந்த டெஸ்டை எடுத்துப்போடலாம்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அம்மா வேண்டாம்னதுக்கு அப்புறம் எப்பிடிங்க மாமா போறது?"

"மறுக்காப் பூக் கேக்கலாம்."

"ஒருக்காச் சொன்னதை மறுக்காக் கேட்டா, நாம நம்பலீன்னுதானுங்க அர்த்தம். நா வரமாட்டேன்."

வாரக்கணக்கில் கெஞ்சினேன், கோபப்பட்டேன். அசையவில்லை. நான் சொன்ன பொய்யை அவள் சாமியாக நினைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடுவிக்க என் ஒருவனால்தான் முடியும். அதற்கு வாயைத் திறக்க வேண்டும். காலையும் மாலையும் அம்மன் படத்துக்கு முன்னால் நின்று, சுகன்யாவுக்குத் தெரியாமலே இதைச் சரிசெய்ய ஒரு வழி காட்டு தாயே என்று வேண்டினேன். அவள் காட்டவில்லை. எப்படிக் காட்டுவாள்?

பங்குனியில் ஒரு நாள் காலையில் வந்த வலிப்பு நிற்கவே இல்லை. உதடு நீலமாகிவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டு அடக்கினார்கள். சுகன்யா உள்ளே குழந்தையோடு இருக்க, நான் வராந்தாவில் நின்றேன். அன்றைக்கு வழி எதையும் கேட்கவில்லை. "அம்மா, தண்டனையை எனக்குக் குடு. என்ற வாயை மட்டும் திறக்க வெச்சிரு" என்று கேட்டேன். அவ்வளவுதான் என் வேண்டுதல். வாழ்க்கையில் நான் உண்மையாகக் கேட்டது அது ஒன்றுதான்.

கொஞ்ச நேரத்தில் சுகன்யா வெளியே வந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"மாமா, அன்னிக்கு அம்மா ஏனுங்க வேண்டாம்னு சொன்னா? நா ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டனா? மாசமா இருக்கறப்ப ஏதாச்சும் குத்தம் வெச்சுட்டனா? அஞ்சு மாசமா ரோசிச்சுப் பார்க்கறேன், தெரியலீங்க."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஐந்து மாதமாக அவள் தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறாள். நான் சொல்லிவிட்டேன். தூண் மறைவு, சட்டைப் பை, எல்லாவற்றையும்.

அவள் கத்தவில்லை. "ரண்டுமே செவப்புங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "கோயமுத்தூருக்கு வண்டி கூப்புடுங்க" என்றாள். வழியெல்லாம் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் குழந்தையின் தலையையும் தோலையும் மறுபடி பார்த்தார். ரத்தம் எடுத்தார். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று அன்றே ஒரு மருந்தையும் ஆரம்பித்தார். அது வெறும் ஒரு வைட்டமின் மாத்திரை. பொடித்துப் பாலில் கலக்கிக் கொடுக்க வேண்டும். நம்பினால் நம்புங்கள், அந்த வாரத்திலேயே வலிப்பு நின்றது. தடிப்பு ஆறியது. முடி முளைத்தது. ரத்த முடிவும் அவர் சந்தேகப்பட்டதையே சொன்னது. அந்தச் சத்தைத் திரும்பப் பயன்படுத்த முடியாத உடம்பு. லட்சத்தில் ஒருவருக்குக்கூட வருமோ என்னவோ, அவ்வளவு அபூர்வம். எங்கள் இருவரிடமிருந்தும் வந்தது.

"இந்த மாதிரி நோய்ல நெறையாத்துக்கு மருந்தே இல்லீங்க. இதுக்கு இருக்குது. உயிர் இருக்கற வரைக்கும் நிறுத்தாமக் குடுங்க" என்றார். நான் அந்த இடத்திலேயே தரையில் விழுந்து கும்பிட்டேன். அம்மன் இருக்கும் திசை எதுவென்றுகூடத் தெரியவில்லை.

எழுந்து, "காது வந்துருமுங்களா?" என்று கேட்டேன். டாக்டர் மேசையைப் பார்த்தார். "போன காது திரும்பறது கஷ்டமுங்க. முன்னாடியே வந்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். சுகன்யா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

ரம்யாவிடமும் நானே போய்ச் சொன்னேன். அவள் வயிற்றில் பிறக்கும் குழந்தைக்கும் இது வரலாம் அல்லவா? "என்ற கல்யாணத்துக்காகவாண்ணா?" என்று உடைந்து அழுதாள். அவள் மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "மருந்து பேரை எழுதி வாங்கிக்க அம்மணி. நாளைக்கு நம்மூட்டுக் குழந்தைக்கும் பொறந்தவுடனே டெஸ்ட் பண்ணிப்போடலாம்" என்று சொல்லிவிட்டுக் காப்பி வைக்கப் போனார். யாருக்குப் பயந்து என் மகளின் ஐந்து மாதத்தைத் தின்றேனோ, அவர்கள் பயப்படவே இல்லை.

இப்போது மித்ராவுக்கு நான்கு வயது. மூன்று வயதுக்கு மேல்தான் நடந்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளாடுவாள். புத்தியில் இரண்டு வயதுப் பிள்ளை மாதிரி. ஆனால் தட்டில் முறுக்கு இருந்தால் யாருக்கும் தராமல் ஓடத் தெரியும். கருவி மாட்டியும் காது அவ்வளவாகக் கேட்காது. பயிற்சிக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். மாத்திரையும் என் கையால்தான். ஒரு நாள் சுகன்யாவிடம், என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன். "அம்மன் மன்னிச்சிருப்பாங்க மாமா. என்னால முடியறப்ப நானே சொல்றேன்" என்றாள். இன்னும் சொல்லவில்லை. நான் மறுபடி கேட்கவும் இல்லை.

அம்மன் என் மகளின் உயிரைக் கொடுத்தாள், என் வாயைத் திறந்தாள். இரண்டுக்கும் என் ஜென்மம் முழுக்க நன்றி சொல்வேன். உங்கள் வீட்டில் ஒரு குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை, வலிப்பு வருகிறது என்றால், அவளிடம் வாருங்கள். டாக்டரிடமும் அன்றைக்கே போங்கள். அவள் தடுக்க மாட்டாள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் என்னைக் கேளுங்கள், கூடவே வருகிறேன். அமாவாசை தோறும் கோயிலில் இருப்பேன். மித்ராவும் இருப்பாள். அவளோடு பேச வேண்டுமென்றால் பின்னால் நின்று கூப்பிடாதீர்கள். முன்னால் வந்து உட்கார்ந்து, கையை ஆட்டுங்கள். உடனே சிரிப்பாள்.