கசெற்றின் மற்றப் பக்கம்

அந்த இசைத்தட்டின் அட்டை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. எண்ணெய் வைத்து வாரிய தலை, மெல்லிய மீசை, கையில் ஒரு சிவப்பு ரோசாப்பூ. பார்த்தவுடனேயே காதல் பாட்டுக்காரன் என்று சொல்லிவிடலாம். பரமட்டாவில் நாங்கள் வாடகைக்கு இருந்த பிளாட்டில், எதிர்க்கதவில் குடியிருந்த சிலி நாட்டு அக்காவுடையது அது. எழுபதுகளின் நடுப்பகுதி. தன் நாட்டில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு சிட்னிக்குத் தப்பி வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் நான் அக்கா என்றே கூப்பிட்டேன், அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அதற்காகக் கதை குறைந்ததில்லை.

ஊரில் அவருடைய அம்மா தனியே இருந்தார். தம்பியை ஒருநாள் காலையில் இராணுவம் கூட்டிக்கொண்டு போனது, அதோடு தகவலே இல்லை. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால் கடிதம் வாசிக்க முடியாது. ஆனால் தம்பி விட்டுப்போன கசெற் கருவி வீட்டில் இருந்தது. கேட்ட பிறகு நான் சும்மா இருப்பேனா? நாங்கள் யாழ்ப்பாணத்துக்குக் கசெற்றில் பேசித்தானே அனுப்புகிறோம் என்று சொல்லி, எங்கள் ரேப் ரெக்கோடரைத் தூக்கிப்போய் அவருடைய குசினி மேசையில் வைத்தேன். அக்கா ஒரு பக்கம் முழுக்கப் பேசினார். இடையிடையே அழுதார். தபாலில் சேர்க்கும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம், கசெற்றில் இடத்தை வெறுமையாக விட்டு அனுப்ப மனம் வராது. பேச்சு முடிந்தால் மிச்சத்துக்குச் சினிமாப் பாட்டு. அக்காவின் அம்மாவும் பாட்டுக் கேட்கட்டுமே என்று நினைத்தேன். பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட அக்கா தந்த வீட்டுத் திறப்பு என்னிடம் இருந்தது. அவர் வேலைக்குப் போன நேரம் உள்ளே போய் ரோசாப்பூக்காரனை எடுத்துப் போட்டேன். காதல் பாட்டுக்குப் பதிலாக மின்கிற்றார், மேளம், நடுவில் ஒரு புல்லாங்குழல், தொண்டை கிழியக் கத்தும் இளைஞர்கள். காதல் தோல்வியாக்கும் என்று நினைத்துக்கொண்டு முழுவதையும் மற்றப் பக்கத்தில் பதிந்தேன். பிறகு அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் பெருமையாகச் சொன்னேன். அக்கா ஓடிப்போய் அந்த அட்டையை எடுத்து வந்தார்.

“இதையா?”

“ஓம் அக்கா, இதைத்தான்.”

அவர் முகத்தில் இரத்தமே இல்லை. கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டார். அட்டைதான் காதல் பாட்டுக்காரனுடையது, உள்ளே இருந்தது வேறு தட்டு. ஊரில் தடைசெய்யப்பட்ட ஒரு ரொக் குழுவின் தட்டை விமான நிலையத்தில் அகப்படாமல் கொண்டுவர அப்படி மாற்றி வைத்திருந்தார். அந்தப் பாட்டுகளை வைத்திருந்ததற்கே அங்கே ஆட்களைப் பிடித்தார்கள்.

“ஆமிக்காரங்கள் வாற பார்சலை உடைச்சுப் பாக்கிறவங்கள். அம்மாவையும் கொண்டு போவாங்கள்,” என்றார்.

தபாலகத்துக்கு ஓடினோம். பார்சல் எப்போதோ விமானம் ஏறிவிட்டது. தந்தி அடிக்கலாமென்றால் அதையும் அவர்கள்தானே முதலில் வாசிப்பார்கள். வீட்டில் என் கணவர் தலையில் கைவைத்தார். “என்னப்பா செய்து போட்டீர்? ஆரைக் கேட்டுப் போட்டனீர்?” யாரையும் கேட்கவில்லை. அதுதானே பிழை.

ஏழு வாரம். அந்த நாட்களில் தபால்காரர் பெட்டியில் கடிதம் போட்டுவிட்டு விசில் ஊதுவார். அந்த விசில் கேட்டால் கைவேலையைப் போட்டுவிட்டுப் பெட்டிக்கு ஓடுவேன். காணாத ஒரு கிழவியைச் சிப்பாய்கள் இழுத்துப் போவது சோற்றுக்கு முன்னால் இருக்கும்போதும் தெரிந்தது. அக்கா என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். இன்று என் பேத்தி போனைத் தட்டினால் பாட்டு உலகத்தின் மறுகரைக்குப் போய்விடுகிறது. யாருக்கு அனுப்புகிறாய், என்ன பாட்டு என்று நான் கேட்டு நச்சரிப்பேன். அவளுக்குச் சிரிப்பு.

எட்டாம் வாரம் சிலியிலிருந்து புதிதாக வந்த ஒருவர் அம்மாவின் செய்தியோடு வந்தார். அக்கா என் கதவைத் தட்டி உடைக்காத குறை. மூவரும் வாசலிலேயே நின்றோம். வந்தவர் சொல்லச்சொல்ல அக்கா எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். அம்மா சுகமாக இருக்கிறார். மகளின் பேச்சைக் கேட்டுவிட்டு மற்றப் பக்கம் திருப்பியிருக்கிறார். முதல் கிற்றார் ஒலியிலேயே தெரிந்துவிட்டது, மகன் ஓயாமல் போட்ட பாட்டு. ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஒலியைக் குறைத்து, கடைசிவரை கேட்டிருக்கிறார். பிறகு கசெற்றை அடுப்பில் போட்டுவிட்டார்.

“அப்பாடா,” என்றேன் நான், முட்டாள்.

அக்கா என்னைப் பார்த்தார். “என்ரை குரலும் அதிலைதானே இருந்தது. அம்மா ஒருக்காத்தான் கேட்டவ.”

அடுத்த நாள் ரெக்கோடரோடும் புதுக் கசெற்றோடும் போனேன். அக்கா பேசத் தொடங்கினார். பூக்கன்றுகளைப் பற்றி, வேலைத்தலத்தைப் பற்றி, என்னைப் பற்றியும்கூட. முதல் பக்கம் முடிந்ததும் தானே திருப்பிப் போட்டார். சொல்ல ஒன்றும் இல்லாமல் போன பிறகும் விடாமல், பஸ் நிறுத்தங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நாடா தீரும் மட்டும்.