குதிக்காத மாரெக்

மட்டாஞ்சேரியில் கயிற்றுக்கடை வைத்திருந்த ஷௌகத் அலி மாலைகளில் கூடைப்பந்து ஆடுவார். 1961இல், துறைமுகத்தில் பழுதாகி நின்ற போலந்துக் கப்பலின் எஞ்சினியர் மாரெக் ஷௌகத் அலியின் அணியில் சேர்ந்தார். நெட்டை மனிதர் என்பதால் எல்லோரும் பந்தை அவருக்கு உயரத் தூக்கிப் போட்டார்கள். அவர் குதிக்கவே இல்லை.

"சாயிப்புக்குப் பொக்கம் மட்டும்தான் உண்டு, களி தெரியாது," என்றார் அணித்தலைவர் ஜலீல்.

வெள்ளைக்காரருக்கு உயரம்தான் உண்டு, ஆட்டம் தெரியாது என்றே ஷௌகத் அலியும் நம்பினார். பயிற்சியில் மாரெக்கை மறித்து நின்ற நாளில்தான் புரிந்தது. யார் எங்கே ஓடி வருவார் என்பதை முன்பே கணித்து, அங்கே பந்தைச் சேர்ப்பதுதான் அவர் ஆட்டம்.

"பந்தை அவருக்குத் தாழ்த்திக் கொடுத்துட்டு ஓடுங்க, திரும்பி வரும்," என்றார் ஷௌகத் அலி.

அப்படி ஆடியே பக்கத்துத் தேவரா பகுதி அணியை வென்றார்கள். மாரெக் ஒரு கூடைகூடப் போடவில்லை. ஆனாலும், சாயிப்பின் உயரம்தான் ஜெயித்தது என்று சாயாக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஷௌகத் அலி மறுத்துச் சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை.